கயானா: கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு நாடு – கேள்வி பதில்

கயானாவைப் பற்றி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை "அங்கே எண்ணெய் கிடைத்துவிட்டதாமே" என்றுதான் தொடங்குகின்றன. அந்நாட்டின் கரையோர வடிகால் பணிகளில் சில ஆண்டுகள் பொறியாளராக வேலை செய்தவன் என்ற முறையில், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பொருளாதாரம் ஆகட்டும், சாலை ஆகட்டும், படை ஆகட்டும், அங்கே எதைக் கேட்டாலும் விடை அந்த நிலத்தின் அமைப்பில் போய்த்தான் நிற்கும் என்பதை முதலிலேயே கூறிவிடுகிறேன்.

கேள்வி (பள்ளி ஆசிரியை): ஐயா, கயானா தென் அமெரிக்காவில் இருக்கிறது, ஆனால் மேற்கிந்தியத் தீவுகள் கிரிக்கெட் அணியில் அந்நாட்டவர் ஆடுகிறார்கள். இது எப்படி என்று மாணவர்கள் கேட்கிறார்கள்.

பதில்: நிலத்தால் அது தென் அமெரிக்கா, வரலாற்றால் கரீபியன். மேற்கே வெனிசுவேலா, தெற்கே பிரேசில், கிழக்கே சுரினாம், வடக்கே அட்லாண்டிக் கடல். முதலில் டச்சுக்காரர்களும் பின்னர் ஆங்கிலேயர்களும் ஆண்டு, கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளையும், அடிமைமுறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளையும் கொண்டுவந்தார்கள். கரீபியன் தீவான டிரினிடாடிலும் ஆங்கிலேயர் காலத்தில் இதே கதைதான். 1966 மே 26 அன்று விடுதலை பெற்ற கயானா, தென் அமெரிக்கக் கண்டத்தில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாகக் கொண்ட ஒரே நாடு. கரீபியன் சமூக அமைப்பின் தலைமைச் செயலகமும் அதன் தலைநகரான ஜார்ஜ்டவுனில்தான் இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 2,15,000 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகையோ பத்து லட்சத்தை எட்டவில்லை. அவர்களிலும் பத்தில் ஒன்பது பேர் ஒடுங்கிய கடற்கரைப் பட்டையில் வாழ்கிறார்கள். உள்நாட்டின் பெரும்பகுதி காடு.

கேள்வி (நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்): அந்தக் கரை கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தது என்கிறார்களே. அப்படியானால் மழைநீர் எப்படி வடிகிறது?

பதில்: இந்தக் கேள்விக்கு விரிவாகவே விடையளிக்க விரும்புகிறேன், ஏனென்றால் என் பணிக்காலம் முழுவதும் இதற்குள்தான் கழிந்தது.

கடல் நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதைத்தான் ஓதம் என்கிறோம். ஓதம் ஏறி நிற்கும்போது கடல் மேலேயும் ஊர் கீழேயும் இருக்கும். டச்சுக்காரர்கள் சதுப்பு நிலத்தை நீண்ட கீற்றுகளாகப் பிரித்து, ஒவ்வொரு கீற்றையும் ஒரு தோட்டமாக்கினார்கள். கீற்றின் முன்புறம் கடல் தடுப்புச் சுவர். பின்புறம் காட்டு நீரைத் தேக்கி வைக்கும் அணை. நடுவே வயலும் வீடும். வயலுக்கு வேண்டிய நன்னீர் பின்னணையிலிருந்து ஒரு கால்வாயில் வருகிறது. கழிவு நீரும் மழைநீரும் மற்றொரு கால்வாய் வழியாகக் கடலை நோக்கிப் போகின்றன. அந்த இரண்டாம் கால்வாய் கடலைத் தொடும் இடத்தில் ஒரு மதகு இருக்கும். அதை அங்கே "கோக்கர்" என்பார்கள். டச்சுக்காரர்கள் விட்டுச் சென்ற சொல்.

உயரமான சட்டத்தில் ஓர் உருளையும் சங்கிலியும் தொங்க, கீழே கனத்த கதவு நிற்கும். ஓதம் இறங்கி, கடலின் மட்டம் கால்வாயின் மட்டத்துக்குக் கீழே போனதும், மதகுக் காவலர் கைப்பிடியைச் சுற்றிக் கதவைத் தூக்குவார். கருஞ்சிவப்பான காட்டு நீர் சீறிக்கொண்டு வெளியேறும். ஓதம் திரும்புவதற்குள் கதவை இறக்கியாக வேண்டும். நாளுக்கு இரண்டு முறை ஓதம் இறங்குவதால் அவருடைய வேலை நேரத்தைக் கடிகாரம் முடிவு செய்வதில்லை. இன்று நள்ளிரவு என்றால் சில நாள் கழித்து விடியற்காலை. ஒரு முறை கதவை இறக்கத் தாமதமானால், உப்பு நீர் உள்ளே ஏறி நெல்லைக் கருக்கிவிடும். ஒரு கிராமத்தின் விளைச்சல் அந்த ஒற்றை மனிதரின் விழிப்பில் இருப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இப்போது பல இடங்களில் பெரிய நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன, ஆனாலும் மதகுகள் ஓய்வு பெறவில்லை.

2005 ஜனவரியில் பெய்த பெருமழையில் இந்த ஏற்பாடு தோற்றது. பின்னணையின் நீர் தளும்பியது, கடலோரம் நாட்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. அதன் பிறகுதான் ஹோப் என்னும் ஊர் வழியாக, அணையின் மிகுதி நீரை நேரே அட்லாண்டிக்கில் விடும் கால்வாய் வெட்டப்பட்டது.

கேள்வி (கணக்காளர்): எண்ணெய் ஒப்பந்தம் கயானாவுக்குப் பாதகமானது என்று படித்தேன். உண்மையா?

பதில்: உண்மை என்றே நான் கருதுகிறேன், கணக்கைப் பார்த்துத் தாங்களே முடிவு செய்யலாம். 2015 மே மாதத்தில் எக்ஸான்மொபில் நிறுவனம், கரையிலிருந்து ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தொலைவில், ஆழ்கடலில், லீசா என்ற இடத்தில் எண்ணெயைக் கண்டது. அந்தப் பரப்புக்கு ஸ்டாப்ரூக் என்று பெயர். டச்சுக்காரர் காலத்தில் ஜார்ஜ்டவுனுக்கு இருந்த பெயர் அது. 2019 டிசம்பரில் உற்பத்தி தொடங்கியது. இதுவரை கண்டறியப்பட்ட வளம் 1,100 கோடி பீப்பாய்க்கு மேல். 2025 ஆகஸ்டில் நான்காவது உற்பத்திக் கப்பலும் இயங்கத் தொடங்கியதால், நான்கின் திறனையும் கூட்டினால் நாளொன்றுக்கு 8 லட்சம் பீப்பாயைத் தாண்டுகிறது.

2016 ஒப்பந்தத்தின்படி, எடுக்கப்படும் 100 பீப்பாயில் 75 வரை எக்ஸான்மொபிலும் அதன் கூட்டு நிறுவனங்களும் தம் செலவுக்கு ஈடாக எடுத்துக்கொள்ளலாம். எஞ்சிய 25-ஐ இரு தரப்பும் பாதிப் பாதியாகப் பிரிக்கின்றன, அரசுக்கு 12.5. அதோடு 2 விழுக்காடு உரிமத்தொகையை (ராயல்டி) சேர்த்தால் 14.5. முதலீட்டுச் செலவு ஈடான பிறகு அரசின் பங்கு உயரும் என்பது உண்மைதான். ஆனால் ஓர் எண்ணெய் வயலின் செலவை மற்றொரு எண்ணெய் வயலின் வருவாயில் கழிக்க ஒப்பந்தம் இடமளிப்பதால், புதிய கிணறு தோண்டத் தோண்ட அந்த நாள் தள்ளிப் போகிறது. நிறுவனங்கள் செலுத்த வேண்டிய வருமான வரியையும் அரசே தன் பங்கிலிருந்து செலுத்தியதாகக் கணக்கு எழுதப்படுகிறது.

எண்ணெய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத 1999-இல் கையெழுத்தான முதல் ஒப்பந்தத்தில் இத்தகைய சலுகைகள் இருந்ததை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. 2016-இல், லீசா கண்டுபிடிக்கப்பட்டு ஓராண்டு கடந்த பிறகும் உரிமத்தொகையை 2 விழுக்காட்டில் நிறுத்தியதை என்னால் ஏற்க முடியவில்லை. எதிர்க்கட்சியாக இருந்தபோது இதைக் குறைகூறியவர்கள் 2020-இல் ஆட்சிக்கு வந்தார்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தைத் திறக்க மாட்டோம் என்று அவர்களும் சொல்லிவிட்டார்கள். புதிய பரப்புகளுக்கு மட்டும் 10 விழுக்காடு உரிமத்தொகை, 65 விழுக்காடு செலவு வரம்பு, 10 விழுக்காடு வரி என்று 2023-இல் விதிகளை மாற்றினார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர்): 2022-இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் வளர்ந்ததே, மக்கள் வாழ்க்கையும் அப்படி உயர்ந்ததா?

பதில்: இல்லை. அந்த வளர்ச்சியின் பெரும்பகுதி கடலுக்கு நடுவே, கயானா மண்ணைத் தொடாமலேயே கப்பலேறிப் போகும் எண்ணெயின் மதிப்பு. அரசின் பங்கு நியூயார்க்கில் ஒரு நிதியத்தில் சேர்கிறது. அதிலிருந்து ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்துக்குப் பணம் எடுக்கிறார்கள். சாலைகளும் மருத்துவமனைகளும் எழும்புவது கண்கூடு. 2024 இறுதியில் வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு லட்சம் கயானா டாலர் வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். அமெரிக்க மதிப்பில் அது ஏறத்தாழ 480 டாலர். ஆனால் சந்தையில் காய்கறி விலையும் ஜார்ஜ்டவுனில் வீட்டு வாடகையும் ஏறியதை ஈடுகட்ட, மாதச் சம்பளக்காரருக்கு அது போதாது.

முதியவர்களிடம் பேசினால் அவர்கள் 1980-களை நினைவுகூர்வார்கள். சர்க்கரையையும் அலுமினியத் தாதுவான பாக்சைட்டையும் நாட்டுடைமையாக்கிய அன்றைய தலைவர் பர்னமின் அரசிடம் அந்நியச் செலாவணி வற்றிப்போக, 1982-இல் கோதுமை மாவு இறக்குமதியே தடை செய்யப்பட்டது. அரிசி மாவில் ரொட்டி தட்ட முயன்று, அது விரிசல் விட்டு உடைந்ததைக் கண் கலங்கச் சொன்ன ஒரு பாட்டியம்மாளை பெர்பீஸ் பகுதியில் சந்தித்தேன். ஓரிரு சரக்குகளை மட்டும் நம்பியிருப்பதன் விலை என்ன என்று அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

கேள்வி: சர்க்கரைத் தொழில் இப்போது எப்படி?

பதில்: நலிந்துவிட்டது. 2016, 2017 ஆண்டுகளில் வேல்ஸ், என்மோர், ரோஸ் ஹால், ஸ்கெல்டன் ஆகிய ஆலைகள் மூடப்பட்டு, ஏறத்தாழ 7,000 பேர் வேலை இழந்தார்கள். பின்னர் ரோஸ் ஹால் மட்டும் திறக்கப்பட்டது. நெல் நன்றாக இருக்கிறது, தங்கமும் நிறைய எடுக்கிறார்கள்.

கேள்வி (சரக்குப் போக்குவரத்துத் தொழில் செய்பவர்): பிரேசிலிலிருந்து கயானா துறைமுகத்துக்கு லாரியில் சரக்குக் கொண்டுவர முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பொறுமை வேண்டும். எல்லையில் தக்குத்து ஆற்றின் மீது 2009-இல் பாலம் திறக்கப்பட்டது. பிரேசிலில் வண்டிகள் வலப்புறமும் கயானாவில் இடப்புறமும் ஓடுவதால், கயானாக் கரையில் ஒரு சாலையை மற்றொரு சாலையின் அடியில் நுழைத்து, ஓட்டுநர் அறியாமலேயே பக்கம் மாறும்படி அமைத்திருக்கிறார்கள். பொறியாளர் என்ற முறையில் நான் மிகவும் ரசித்த கட்டுமானம் அது. அங்குள்ள லெத்தம் ஊரிலிருந்து, ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே உள்ள லிண்டன் நகர் வரை ஏறத்தாழ 450 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி செம்மண் சாலை. மழைக்காலத்தில் லாரிகள் அச்சு வரை புதைந்து நிற்கும். நடுவே குருபுகாரி என்னுமிடத்தில் எசெக்கிபோ ஆற்றைப் பாலமில்லாமல் மிதவையில் கடக்க வேண்டியிருந்தது. லிண்டனிலிருந்து மாபுரா ஹில் வரையிலான முதல் 121 கிலோமீட்டரைத் தார்ச் சாலையாக்கும் பணி நடந்து வருகிறது. முழுச் சாலையும் முடிந்தால், வட பிரேசிலின் ரொராய்மா மாநிலத்துக்கு அட்லாண்டிக் வாசல் திறக்கும்.

ஜார்ஜ்டவுன் அருகே நிலைமை மாறிவிட்டது. டெமராரா ஆற்றில் 1978-இல் அமைத்த மிதவைப் பாலத்தை, கப்பல் போகும்போது பிரித்துத் திறப்பார்கள். வண்டிகள் வரிசையில் காத்துக் கிடக்கும். 2025 அக்டோபரில் உயரமான நான்குவழிப் பாலம் திறக்கப்பட்டது. மின்சாரம்தான் இன்னும் தீராத குறை. எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு, 2024-இல் மின்நிலையக் கப்பலை வாடகைக்கு அமர்த்த வேண்டியதாயிற்று. கடலடி எரிவாயுவைக் குழாய் வழியாக, மூடப்பட்ட வேல்ஸ் சர்க்கரைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து 300 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திட்டம் அதற்காகத்தான்.

கேள்வி (சட்ட மாணவி): எசெக்கிபோ பகுதியை வெனிசுவேலா கோருவது ஏன்? அதைத் தடுக்கும் வலிமை கயானா படைக்கு உண்டா?

பதில்: எசெக்கிபோ ஆற்றுக்கு மேற்கே உள்ள, கோரப்படும் பகுதி ஏறத்தாழ 1,59,500 சதுர கிலோமீட்டர், நாட்டின் மூன்றில் இரண்டு பங்குக்கும் அதிகம். 1899-இல் பாரிசில் கூடிய நடுவர் மன்றம் அதன் பெரும்பகுதியை பிரிட்டனுக்கு வழங்கியது. அந்த மன்றத்தில் வெனிசுவேலா நாட்டவர் ஒருவரும் இல்லை. அவர்கள் தரப்பில் அமெரிக்க நீதிபதிகள் அமர்ந்தார்கள். ஆனாலும் 1900 முதல் 1905 வரை எல்லையை அளந்து கல் நட்டபோது வெனிசுவேலாவும் உடனிருந்தது. அவர்கள் தரப்பு வழக்கறிஞர்களில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு, அவர் இறந்த பிறகு 1949-இல் வெளியாயிற்று. நீதிபதிகள் திரைமறைவில் பேரம் பேசினார்கள் என்று அது குற்றஞ்சாட்டியது. அதைக் காட்டி 1962-இல் தீர்ப்பே செல்லாது என்றார்கள். கயானா விடுதலை அடைந்த ஐந்தே மாதத்தில், எல்லை ஆற்றில் உள்ள அன்கோக்கோ தீவு முழுவதையும் வெனிசுவேலா பிடித்துக்கொண்டது.

2018-இல் கயானா சர்வதேச நீதிமன்றத்தை நாடியது. 2020 டிசம்பரில், விசாரிக்கத் தனக்கு அதிகாரம் உண்டு என்று அந்த மன்றம் முடிவு செய்தது. எண்ணெய் கிடைத்த பிறகு பூசல் முற்றி, 2023 டிசம்பர் 3 அன்று எசெக்கிபோவைத் தன்னோடு சேர்ப்பது குறித்து வெனிசுவேலா பொதுவாக்கெடுப்பு நடத்தியது. அதே மாதம் செயின்ட் வின்சென்ட் தீவில் இரு நாட்டு அதிபர்களும் சந்தித்து, படைபலத்தைப் பயன்படுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஆயினும் 2025 மார்ச்சில் வெனிசுவேலாக் கடற்படைக் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பல்களின் அருகே வந்து போனது.

கயானா பாதுகாப்புப் படை 1965-இல் தொடங்கப்பட்டது. சில ஆயிரம் பேர் கொண்டது. போர் விமானம் கிடையாது. வெனிசுவேலாவோடு நேருக்கு நேர் மோதினால் தாக்குப்பிடிக்க முடியாது. ஆனால் நிலம் உதவுகிறது. வெனிசுவேலாவிலிருந்து எசெக்கிபோவுக்குள் கனரக வண்டிகள் வரத்தக்க நேர்ச் சாலை இல்லை. பிரேசிலின் ரொராய்மாவைச் சுற்றித்தான் வர வேண்டும். 2023-இல் பிரேசில் அங்கே கவச வண்டிகளையும் படையினரையும் குவித்தது அதனால்தான். நம் நாட்டில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் தயாரித்த இரண்டு டோர்னியர் 228 விமானங்கள், இந்தியக் கடனுதவியில் 2024-இல் கயானாவுக்குப் போய்ச் சேர்ந்தன. ஓடுபாதை குட்டையான காட்டு ஊர்களுக்கு வீரர்களையும் பொருள்களையும் கொண்டுசெல்ல அவை ஏற்றவை.

கேள்வி (இல்லத்தரசி): அங்கே தமிழர்கள் இருக்கிறார்களா ஐயா?

பதில்: இருக்கிறார்கள் அம்மா, மொழி மட்டும் போய்விட்டது. 1838 முதல் 1917 வரை வந்த ஏறத்தாழ 2,39,000 இந்தியர்களில் பெரும்பாலோர் கல்கத்தா வழியாக வந்தவர்கள். ஒரு சிறு பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்களை "மதராசி" என்றே அழைத்தார்கள். பெர்பீஸ் பகுதியில் இன்றும் தப்பு அடித்து, வேப்பிலையோடு மாரியம்மனை வழிபடுகிறார்கள். 2015 முதல் 2020 வரை பிரதமராக இருந்தவரின் பெயர் மோசஸ் நாகமுத்து.

கேள்வி (நீர்வளத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், மீண்டும்): கடல் மட்டம் உயர்ந்துகொண்டே போனால் அந்த மதகுகள் என்ன செய்யும்?

பதில்: அவை திறந்திருக்கும் நேரம் குறையும். ஓதம் இறங்கியும் கடல் போதிய அளவு தாழாவிட்டால், கதவைத் தூக்கிப் பயனில்லை. இயந்திரத்தால் இறைக்க வேண்டும், அதற்கு மின்சாரமோ டீசலோ வேண்டும். உள்ளே லிண்டன் நெடுஞ்சாலையோரம், வெண்மணல் மேட்டில், சிலிக்கா சிட்டி என்ற புதிய நகரை அரசு அமைத்து வருகிறது. மேடான இடம், வீடு கட்ட ஏற்றது. ஆனால் அந்த மணலில் நெல் விளையாது. ஆகையால் கரையில் கடல் சுவரைப் பழுது பார்ப்பதும் இயந்திரங்களைக் கூட்டுவதும் தொடர்கின்றன. எண்ணெய்ப் பணத்தில் ஒரு பகுதி இப்போது அந்தச் சுவருக்கும் போகிறது.