மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, சைக்கிள் எடுக்கலாமா?

தம்பி, ஆறு வாரத்தில் கை மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள், வரும் ஞாயிறு சுங்கை சிப்புட் தோட்டப் பாதையில் சைக்கிள் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கட்டைவிரல் அடியிலுள்ள குழியை அழுத்தினால் இன்னும் வலிக்கிறது என்றும் சொல்கிறீர்கள். அப்படியென்றால் இந்த ஞாயிறு வேண்டாம்.

உடைந்தது மணிக்கட்டிலுள்ள ஸ்கஃபாய்டு. முந்திரிப் பருப்பு மாதிரி சின்ன எலும்புதான், ஆனால் பிடிவாதம் அதிகம். அதற்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்திலிருந்து உள்ளே போகிறது. அதனால் முன்கைப் பக்கத் துண்டு மெதுவாகத்தான் கூடும். நடுவில் உடைந்தாலே 8 முதல் 12 வாரம் ஆவது சாதாரணம். எக்ஸ்ரேயில் தெளிவில்லை என்றால் சிடி ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கூடாமல் விட்டால் பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரும். சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள், அதுவும் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

அதுவரை காலுக்கு வேலை வேண்டுமா? உடற்பயிற்சி சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தக் கையில் பாரம் போடாமல் மிதிக்கலாம். மருத்துவர் சரி என்றதும் முதலில் தார்ச்சாலை. பிரேக்கை வலியில்லாமல் இறுக்கிப் பிடிக்க முடிகிறதா என்று நின்றபடியே பாருங்கள். செம்பனைக் குலை லாரி போகும் செம்மண் பாதை கடைசியில்தான், அந்த அதிர்வு நேராக மணிக்கட்டுக்கு வரும். அப்புறம், டயர் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஹேண்டில்பாரை உயர்த்துங்கள். மழை பெய்த மறுநாள் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.