17 குரூப், திறக்காத ஒரு மெயில்

தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கிக் கல்லூரிக்குப் போகும் பி.காம். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாட்ஸ்அப்பில் 17 குரூப்பில் இருக்கிறேன். இன்டர்னல் டெஸ்ட் தேதி மாறிய தகவல் பிறந்தநாள் வாழ்த்துகளுக்கு நடுவே போய்விட்டது, டெஸ்ட்டைத் தவறவிட்டேன். காலேஜ் மெயிலுக்கும் அது வந்திருக்கிறது. அதை நான் திறப்பதே இல்லை. அன்று இரவு பதினொன்றரைக்கு மேடத்துக்கு வாட்ஸ்அப்பில் நீளமாக மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ப்ளூ டிக் வரவில்லை. பயந்துபோய் அழித்துவிட்டேன். இப்போது அவரைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகிறேன். 'அந்தப் போனைத் தலைமுழுகு' என்கிறார் அம்மா. எல்லா குரூப்பிலிருந்தும் விலகிவிடட்டுமா?"

விலக வேண்டாம். விலகினால் அடுத்த தேதி மாற்றமும் தெரியாமல் போகும். அரட்டை, அறிவிப்பு, விண்ணப்பம் மூன்றும் வேறு வேறு வேலைகள். மூன்றையும் வாட்ஸ்அப் தலையில் கட்டியதுதான் உங்கள் சிக்கல். பல வருடங்களாகக் கல்லூரி மாணவர்களுக்குத் தகவல் தொடர்பு சொல்லிக் கொடுக்கிறேன். இதே சிக்கலோடு ஒவ்வொரு செமஸ்டரிலும் யாராவது என்னிடம் வருகிறார்கள். அதனால் உங்களை நீங்களே ரொம்பத் திட்டிக்கொள்ள வேண்டாம்.

முதலில் அறிவிப்பு. உங்கள் வகுப்புப் பிரதிநிதியான சி.ஆரிடம் பேசுங்கள். அறிவிப்புக்கென்று தனியாக ஒரு குரூப் தொடங்கி, அட்மின் மட்டுமே மெசேஜ் அனுப்பலாம் என்று செட்டிங்ஸில் மாற்றச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை. அங்கே 'ஓகே மேம்' என்று அறுபது பேர் வரிசை கட்ட முடியாது. தேதி, ஹால் எண் போன்றவற்றை மேலே பின் செய்தும் வைக்கலாம். 24 மணி நேரம், 7 நாள், 30 நாள் என்று மூன்று அளவு இருக்கிறது. அந்த ஒரு குரூப்புக்கு மட்டும் சத்தம் வரட்டும். மற்ற பதினேழையும் ம்யூட் செய்து ஆர்க்கைவில் போடுங்கள். நீங்கள் ம்யூட் செய்தது மற்றவர்களுக்குத் தெரியாது, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

காலேஜ் மெயிலைப் போனில் உள்ள ஜிமெயில் ஆப்பிலேயே இரண்டாவது கணக்காகச் சேர்த்துவிடுங்கள். பிறகு காலையில் ரயிலில் உட்கார இடம் கிடைத்ததும் ஒருமுறை, மாலை வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை. அவ்வளவு போதும்.

அடுத்து மேடம் விஷயம். உங்களை அதிகம் வாட்டுவது இதுதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. ப்ளூ டிக் வராததற்குக் கோபம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. இரவு பதினொன்றரைக்கு அவர் தூங்கியிருக்கலாம், ரீட் ரசீதை அணைத்தும் வைத்திருக்கலாம். அதை அணைத்தவர் படித்தாலும் டிக் நீலமாகாது. நீங்கள் அழித்ததால் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்ற வரிதான் அவர் திரையில் நிற்கும். காலையில் அதைப் பார்ப்பவருக்கு, இந்தப் பெண் நடுராத்திரியில் என்ன எழுதி அழித்தாள் என்ற கேள்விதான் மிஞ்சும். பிழையோடு போய்விட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தலாம், அழிக்கத் தேவையில்லை. ஆனால் இப்படிப்பட்ட விஷயத்தை அங்கே எழுதாமல் இருப்பதே நல்லது. ஆசிரியரே அனுமதித்திருந்தால் ஒழிய, அவருடைய வாட்ஸ்அப் அவர் வீட்டு ஹால் மாதிரி. மெயில் அவருடைய அலுவலக மேசை.

சரி, மெயிலில் எப்படி எழுதுவது? சப்ஜெக்ட் வரியில் 'வணக்கம்', 'உதவி' என்று போடாதீர்கள். பாடத்தின் பெயர், 'இன்டர்னல் டெஸ்ட் மறுவாய்ப்பு', உங்கள் ரோல் நம்பர் மூன்றும் இருக்கட்டும். உள்ளே இவ்வளவு போதும்:

"மதிப்புக்குரிய மேடம், நான் இரண்டாம் ஆண்டு பி.காம். பி பிரிவு மாணவி. தேதி மாற்றிய அறிவிப்பைக் கவனிக்காததால் செவ்வாய்க்கிழமை டெஸ்ட் எழுதவில்லை. தவறு என்னுடையது. மறுபடி எழுத வாய்ப்பு உண்டா? இல்லையென்றால் அந்த மதிப்பெண்ணை ஈடுகட்ட வேறு வழி இருக்கிறதா? வெள்ளிக்கிழமைக்குள் தெரிவித்தால் தயாராக உதவியாக இருக்கும்."

காய்ச்சல், ரயில் தாமதம், நெட்வொர்க் இல்லை போன்ற காரணங்களை அடுக்காமல் இருப்பதைக் கவனியுங்கள். நிஜமான காரணம் இருந்தால் ஒரு வரி எழுதுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆசிரியர்கள் அவற்றை நிறையப் படித்தவர்கள். தேவையைத் தெளிவாகக் கேட்டவருக்குத்தான் பதில் எழுதுவது சுலபம். இரவில் எழுதினாலும் ஜிமெயிலில் 'ஷெட்யூல் சென்ட்' மூலம் காலை ஒன்பதுக்குப் போகும்படி வைக்கலாம். அனுப்பிய பிறகு பதறுபவர் என்றால், அனுப்பியதைத் திரும்பப் பெறும் 'அன்டூ' நேரத்தை, கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து செட்டிங்ஸில் 5 நொடியிலிருந்து 30 நொடியாக்கிக்கொள்ளுங்கள்.

படிக்கும்போது போனை எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினாலும் மனதின் ஒரு பகுதி பழையதிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். அசைன்மென்ட் நடுவே ஒரு மெசேஜைப் பார்த்துவிட்டு திரும்பியவுடன், விட்ட வரியை மூன்று முறை படிக்கிறீர்களே, அதுதான். போனை அடுத்த அறையில் வையுங்கள். அம்மாவிடமே கொடுத்தாலும் சரி, அவருக்கும் நிம்மதியாக இருக்கும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 17 குரூப்பில் இருக்கிறவர் நம்பர் முன்பின் தெரியாதவர்களுக்கும் தெரியும். பிரைவசியில், உங்களை குரூப்பில் சேர்க்கும் அனுமதியை 'காண்டாக்ட்ஸ்' மட்டும் என்று மாற்றுங்கள். இன்டர்ன்ஷிப் தருகிறோம், முதலில் பணம் கட்டு என்று யாராவது வந்தால் கட்டாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் மேடத்தைப் பார்த்தால் ஒதுங்கத் தோன்றும். எனவே மெயில் அனுப்பிய மறுநாள் மதிய இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று, "மேம், நேற்று ஒரு மெயில் அனுப்பியிருந்தேன், டெஸ்ட் விஷயமாக. அன்று இரவு மெசேஜ் போட்டு அழித்ததும் நான்தான், மன்னித்துவிடுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதை அவர் கேட்பார்.