விளையாட்டுக் காயங்களை ஆராய்ந்தே ஒருவர் பேராசிரியர் ஆக முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாராம், மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது போலிருக்கு, ஆனால் மைதானத்தை விட மனமில்லை என்கிறார். நான் மட்டக்களப்பில் உடற்கல்வி படிப்பிக்கிறவன்.

முடியும். கெவின் கஸ்கவிட்ஸ் என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். மனிதர் டாக்டர் இல்லை, படித்தது அத்லெட்டிக் ட்ரெய்னிங். அதைக் கோச்சிங் என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்டவனிடம் முதலில் ஓடிப்போய்ப் பார்ப்பதும், கட்டுப்போடுவதும், திரும்ப விளையாட விடுவதா இல்லையா என்று பார்ப்பதும்தான் அந்த வேலை. அமெரிக்க மருத்துவச் சங்கம் அதை ஒரு சுகாதாரத் தொழிலாக ஏற்றதே 1990ல்தான். இவர் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கன் ஃபுட்போல் அணியோடு வேலை பார்த்து, அப்புறம் கலாநிதிப் பட்டம் முடித்து, 1995ல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அவர் பிடித்துக்கொண்ட விஷயம் கன்கஷன், அதாவது தலையில் அடிபட்டு மூளை குலுங்குவது.

இது ஏன் எனக்குச் சுடுகிறது என்று சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு மெச்சில் கோர்னர் பந்துக்குப் பாய்ந்த எங்கள் பொடியன் ஒருவன் இன்னொருவனோடு தலை மோதி விழுந்தான். தண்ணி தெளித்தோம், எழும்பிவிட்டான். "என்ன மனே, ஏலுமா?" என்று கேட்டேன், தலையாட்டினான், உள்ளே விட்டேன். ஐந்து நிமிடம் கழித்துக் கோட்டுக்கு வந்து "சேர், நாம எந்தப் பக்கம் அடிக்கிற?" என்றான். பகிடி விடுகிறான் என்று எல்லாரும் சிரித்தோம், நானும்தான். இரவு வாந்தி, ஆஸ்பத்திரி, இரண்டு நாள் வைத்திருந்தார்கள். நல்ல காலம், ஒன்றும் ஆகவில்லை. அவன் தாயின் முகத்தைப் பார்க்கத்தான் என்னால் ஏலாமல் இருந்தது.

கஸ்கவிட்ஸ் குழு செய்த சமநிலைப் பரிசோதனையைப் பிறகுதான் வாசித்தேன். கண்ணை மூடி, கையை இடுப்பில் வைத்து, 20 விநாடி நிற்க வேண்டும்: இரு காலில், ஒற்றைக் காலில், ஒரு காலுக்குப் பின்னால் மற்றக் காலை ஒட்டி வைத்து, வெறும் நிலத்தில் ஒரு தரம், ஸ்பொஞ்ச் மேல் ஒரு தரம். கண் திறந்தால், கை எடுத்தால், கால் நகர்ந்தால் பிழை என்று எண்ண வேண்டும். இவ்வளவுதான்! (இதில் தேறினாலும் சந்தேகம் இருந்தால் அன்றைக்கு விளையாட விடக்கூடாது, டாக்டரிடம் காட்ட வேண்டும்.) அப்புறம் கல்லூரி வீரர்களைப் பின்தொடர்ந்து 2003ல் வெளியிட்ட ஆய்வில், மூன்று தரமோ அதற்கு மேலோ கன்கஷன் பட்டவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு, முன்பு படாதவரைவிட மூன்று மடங்கு என்று காட்டினார்கள். 2011ல் மெக்ஆர்தர் விருது, அமெரிக்காவில் 'ஜீனியஸ்' விருது என்பார்களே, அது. 2024ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவர்.

சரி, நமக்கு வழி? அத்லெட்டிக் ட்ரெய்னிங் என்ற பெயரிலேயே பட்டம் தேடி மினக்கெட வேண்டாம். கொழும்பிலும் பேராதனையிலும் பிசியோதெரபி இருக்கிறது, சப்ரகமுவவில் விளையாட்டு விஞ்ஞானம் இருக்கிறது. என்னைக் கேட்டால் பிசியோதெரபி, வேலையும் கையில் இருக்கும், ஆராய்ச்சிக்கும் போகலாம்.

அதற்கு முன் ஒரு கொப்பி வாங்குங்கள். யார், எப்போது, எப்படி விழுந்தான், எத்தனை நாள் விளையாடவில்லை. நான் அன்றைக்குத் தொடங்கியது இப்போது நாலாவது கொப்பி, பாதிப் பக்கம் கணுக்கால்தான். மட்டக்களப்புக்காரர் என்றால் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வெபர் மைதானப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன்.