சிங்கப்பூரில் முதன்முறையாகக் கால் ரிஃப்ளெக்ஸாலஜிக்குப் போகிறேன். வலிக்குமா? நோய் குணமாகுமா?

வலிக்கும். நோய் குணமாகாது. ரிஃப்ளெக்ஸாலஜி என்பது பாதத்தின் சில இடங்களை அழுத்தினால் உடலின் மற்ற உறுப்புகள் சீராகும் என்ற நம்பிக்கையில் செய்யும் கால் பிடிப்பு. ஆனாலும் போய் வாருங்கள் என்றுதான் சொல்வேன். ஒன்பது ஆண்டுகளாக நானே போய்க்கொண்டிருக்கிறேன்.

தேக்காவில் ஒரு துணிக்கடையில் எனக்கு நாள் முழுக்க நின்றபடி வேலை. இரவு வீடு திரும்பும்போது குதிகாலை ஊன்ற முடியாது. என்னோடு வேலை செய்த அக்கா ஒருவர்தான் சைனாடவுனில் உள்ள பீப்பிள்ஸ் பார்க் கடைத்தொகுதிக்கு அழைத்துப்போனார். அங்கே கால் பிடித்துவிடும் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. கட்டணமும் நிமிடக் கணக்கும் வாசலிலேயே எழுதியிருக்கும். முழங்கால்வரை சுருட்டிவிடக்கூடிய தொளதொளப்பான கால்சட்டை போட்டுக்கொண்டு போங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு போக வேண்டாம்.

முதலில் வெந்நீர்த் தொட்டியில் காலை ஊறவைப்பார்கள். பிறகு சாய்வு நாற்காலி. ஒரு காலைத் துண்டால் போர்த்திவிட்டு மற்றதில் கிரீம் தடவித் தொடங்குவார்கள். முதல் சில நிமிடங்கள் வெறும் நீவல்தான், கண் சொக்கும். அதற்குப் பிறகுதான் ஆட்காட்டி விரலை மடக்கி அதன் முட்டியால் உள்ளங்காலை உழுவார்கள். சிலர் சிறு மரக்கட்டையும் வைத்திருப்பார்கள். பாதத்தின் உள்வளைவிலும் பெருவிரலின் அடியிலும் எனக்கு உயிர் போய் உயிர் வரும். கடைசியில் கெண்டைக்காலைப் பிசைந்து, சூடான துண்டால் துடைத்து, குடிக்க வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொடுப்பார்கள்.

அந்த வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினால்தான் பலன் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் இரண்டு ஆண்டுகள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். அது தவறு. பிடித்துவிடுபவர்களே நடுவில் சீன மொழியில் "தொங் பு தொங்?" என்று கேட்பார்கள். வலிக்கிறதா என்று அர்த்தம். "சிங் இ தியென்" என்று சொல்லுங்கள், கொஞ்சம் மெதுவாக என்று பொருள். முகம் சுளிக்க மாட்டார்கள், உடனே அழுத்தத்தைக் குறைப்பார்கள். மூச்சைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு வலித்தால் தசை இறுகிவிடுகிறது. அப்புறம் இளைப்பாறல் எங்கே?

சுவரில் பாதத்தின் படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். பெருவிரல் தலை, பாதத்தின் உள்விளிம்பு முதுகுத்தண்டு, ஈரல் வலக்காலில், இதயம் இடக்காலில் என்று வண்ணம் வண்ணமாகக் குறித்திருக்கும். பழைய சீன ஏடு ஒன்றிலிருந்து எடுத்தது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஆனால் இன்றைய வரைபடத்துக்கு அடித்தளம் போட்டவர் யூனிஸ் இங்ஹாம் என்ற அமெரிக்கப் பெண்மணி, 1930களில். அவருக்கு முன்பே வில்லியம் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற அமெரிக்க மருத்துவர் உடலைப் பத்து மண்டலங்களாகப் பிரித்திருந்தார். பாதத்தின் புள்ளியை அழுத்தினால் ஈரல் சீராகும் என்பதற்குச் சான்று இல்லை. 2015இல் வெளியான ஆஸ்திரேலிய அரசின் ஆய்வறிக்கையும் ரிஃப்ளெக்ஸாலஜி பலன் தருவதற்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை என்றே சொன்னது. ஆகவே, ஓரிடத்தில் நீங்கள் துள்ளியதும் "வயிறு சரியில்லை, தூக்கம் சரியில்லை" என்று பிடித்துவிடுபவர் சொன்னால் கலங்க வேண்டாம். நாளெல்லாம் நின்ற காலில் அந்த இடம் வலிக்கத்தான் செய்யும். பத்து முறைக்கான பேக்கேஜை முதல் நாளே வாங்கவும் வேண்டாம். எனக்குக் கிடைப்பது கால் கனம் இறங்குவதும் அன்றிரவு நல்ல தூக்கமும்தான். அதற்காகவே கொடுக்கும் காசு எனக்குத் தகும்.

ஒன்றை மட்டும் கவனமாகப் படியுங்கள். புதுக்கோட்டையிலிருந்து வந்திருந்த அம்மாவை ஆசையோடு ஒரு கடைக்கு அழைத்துப்போனேன். அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை. கடைக்காரர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எவ்வளவு அழுத்தினாலும் அம்மா அசையவில்லை என்பதால் அவர் இன்னும் அழுத்தினார். "எங்க அம்மா எவ்வளவு தாங்குகிறார் பாருங்கள்" என்று பக்கத்து நாற்காலியில் நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் பார்த்தால் இரண்டு உள்ளங்காலும் கன்றிப்போய் நீலம் பாரித்திருந்தன. மருத்துவர் மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டுத் தொட்டுக் கேட்டார். பெரும்பாலான இடங்களில் அம்மாவுக்குத் தொடுவதே தெரியவில்லை. தாங்கிக்கொண்டதாக நான் நினைத்தது உணர்ச்சியே இல்லாமல் போனது.

எனவே சர்க்கரையால் கால் மரத்திருப்பவர்கள் போக வேண்டாம். வெந்நீர்த் தொட்டிகூட அவர்களுக்கு ஆபத்து, சுடுவது தெரியாது. காலில் புண், அண்மையில் எலும்பு முறிவு, கௌட் எனும் மூட்டு வீக்க வலி இருந்தாலும் வேண்டாம். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போகட்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் அதைப் பிசையக் கொடுக்கவே கூடாது. உள்ளே இரத்தக்கட்டி இருக்கலாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

உங்களுக்கு இவை எதுவும் இல்லையென்றால் வார நாளில், பிற்பகலில் போங்கள், கூட்டம் குறைவு. முடிந்ததும் சட்டென்று எழாதீர்கள். துடைத்த பிறகும் பாதத்தில் கிரீம் பிசுக்கு இருக்கும், செருப்பு வழுக்கும். நகரும் படியில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.