டேட்டா மீட்கும்போதே புது சர்வர் கட்டலாமா?

கரண்டு போய் வந்ததிலிருந்து 4 டிபி டிஸ்க் சரியாகத் திறக்கவில்லை, மீட்டுக்கொண்டிருக்கிறேன், கையோடு மூன்று டிஸ்க் போட்டு ரெய்டு 5 (பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டா தப்பும் முறை) சர்வர் கட்டிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டலாம். ஆனால் முதல் செலவு அதற்கு இல்லை. பழையதைவிடப் பெரிய காலி டிஸ்க் ஒன்று வாங்கி, டிடிரெஸ்கியூ என்ற டிஸ்க் பிரதி எடுக்கும் நிரலில் முழுசாகப் பிரதி எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் கோப்பைச் சேர்த்துக் கொடுத்தால் நடுவில் கரண்டு போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். மீட்கும் வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான், மூல டிஸ்க்கில் ஒரு எழுத்துகூட எழுதக் கூடாது. விண்டோஸ் "சரிசெய்யட்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

நான் சரி என்று சொன்னவன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் ஒரு சாயங்காலம் இடி இடித்துக் கரண்டு போனது, திரும்பி வந்ததும் விண்டோஸின் அந்தச் சரிசெய்யும் நிரலை, செக்டிஸ்க்கை, ஓடவிட்டேன். அப்பா பால் மரம் (ரப்பர்) வெட்டிய தோட்டம் இப்போது செம்பனை (எண்ணெய்ப் பனை), நாங்கள் இருந்த லயமும் (தொழிலாளர் வரிசை வீடுகள்) இல்லை, அந்த வாழ்க்கைக்கு எங்களிடம் மிச்சம் ஸ்கேன் செய்து வைத்த படங்கள்தான். அந்த ஃபோல்டரே காணாமல் போய், பெயரில்லாத துண்டுகளாக வேறொரு ஃபோல்டரில் கிடந்தது. அதைக்கூடத் தாங்கியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல ஓடிய சிங்க் (இரண்டு டிஸ்க்கையும் ஒரே மாதிரி ஆக்கும் நிரல்), இங்கே இல்லாததை இரண்டாவது டிஸ்க்கிலிருந்தும் அழித்துவிட்டது. ஃபோட்டோரெக் என்ற மீட்பு நிரலில் கொஞ்சம் மீண்டன. ஒரு படத்தில் அப்பாவின் முகமும் தோளும் தெரிகிறது, பால் வாளி பிடித்த கை இருக்கவேண்டிய இடத்திலிருந்து கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

அதனால்தான் சொல்கிறேன், ரெய்டு பேக்கப் ஆகாது. டிஸ்க் செத்தால் காப்பாற்றும், தவறாக அழித்தால் எல்லா டிஸ்க்கிலும் சேர்த்தே அழிக்கும். எனக்கு வேண்டியிருந்தது ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு அழித்தாலும் திரும்பப் போய் எடுக்கக்கூடிய, ஒரு நேரத்து நிலையின் பதிவு. இப்போது ட்ரூநாஸ் என்ற சர்வர் மென்பொருளில் இசட்எஃப்எஸ் கோப்பு முறை, இரண்டு டிஸ்க் மிரர் (இரண்டிலும் ஒரே டேட்டா), தினமும் ஒரு ஸ்னாப்ஷாட், 60 நாள் வைத்திருக்கிறேன். சாதாரண மிரரில் இரண்டு பக்கமும் வேறுபட்டால் எது சரி என்று அதற்கே தெரியாது, இசட்எஃப்எஸ் செக்சம் (எழுதும்போதே குறித்துவைத்த சரிபார்ப்பு எண்) பார்த்து நல்ல பக்கத்திலிருந்து கெட்டதைச் சரிசெய்யும். மாதம் ஒரு முறை எல்லாவற்றையும் இப்படிப் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓடவிடுங்கள். டிஸ்க் வாங்கும்போது எஸ்எம்ஆர் வகை (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏறவிட்டு எழுதுவது, திரும்ப எழுத மெதுவானது) வேண்டாம், ஒன்று போய் மாற்றினால் திரும்பக் கட்டுவதற்குள் உயிர் போய்விடும்.

இன்னொன்று, மீட்ட கோப்புகளை நல்லவற்றோடு கலக்காதீர்கள். வரும்போதே கெட்டு வந்த படத்தை இசட்எஃப்எஸ் நல்ல படம் மாதிரியே பத்திரமாக வைத்திருக்கும், அது கெட்டது என்று சொல்லாது. தனி இடத்தில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்த பிறகு மாற்றுங்கள்.

யுபிஎஸ் (கரண்டு போனால் பேட்டரியில் ஓடவிடும் பெட்டி) கட்டாயம், யுஎஸ்பி கேபிளையும் சர்வரில் செருகுங்கள், பேட்டரி தீருமுன் தானே அணைந்துகொள்ளும். ஆனால் இடி இணைய வயர் வழியாகவும் வரும், அதனால் இன்னொரு பிரதி எதிலும் செருகாமல் தனியாக இருக்கவேண்டும். என்னுடையது ஈப்போவில் அக்கா வீட்டு அலமாரியில் இருக்கிறது, போகும்போதெல்லாம் மாற்றிக்கொண்டு வருவேன், அங்கேயே நாலு படம் திறந்தும் பார்ப்பேன்.

உங்கள் டிஸ்க் டிக் டிக் என்று சத்தம் போடுகிறதா? போட்டால் இப்போதே கழற்றுங்கள், டிடிரெஸ்கியூவும் வேண்டாம், அது மீட்புக்கூடத்து வேலை. சத்தமில்லை என்றால் இன்றைக்கே பிரதி எடுக்க ஆரம்பிக்கலாம்.