கயிற்றை இழுத்தவருக்கு என்ன பதில் கிடைக்கிறது? – பணியிடப் பண்பாடு: கேள்வி பதில்

ஒசூர், கோவை வட்டாரத் தொழிற்சாலைகளின் பணியாளர் துறையில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். பணியிடப் பண்பாடு குறித்து உறுப்பினர்கள் அனுப்பியவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி (வார்ப்பட ஆலை உரிமையாளர், கோவை): ஆட்களை மதித்து நடத்தச் சொல்கிறீர்கள். எங்களுக்குக் கிடைப்பவர்களோ சொல்லாமல் லீவு போடுகிறார்கள்; கண்டித்தால் வேறு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். நல்ல ஆட்கள் கிடைத்தால்தானே நல்ல பண்பாடு வரும்?

பதில்: நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் நம்பியிருந்தேன். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நடந்ததைப் படித்த பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலை, ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராத நாட்களும், வேலை நேரத்தில் குடியும், ஓயாத தகராறும், தரமற்ற கார்களுமாகப் பெயர் கெட்டு 1982-இல் மூடப்பட்டது. 1984-இல் டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டாக அதே இடத்தில் 'நும்மி' என்ற பெயரில் உற்பத்தியைத் தொடங்கியபோது, வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் அந்தப் பழைய தொழிலாளர்கள்தான்; தொழிற்சங்கமும் பழைய சங்கம்தான். ஆனால் சில ஆண்டுகளுக்குள்ளேயே, ஜெனரல் மோட்டார்ஸின் ஆலைகளில் தரத்துக்கு முன்னுதாரணமாகக் காட்டப்படும் இடமாக அது மாறியது. சொல்லாமல் வராமலிருப்பதும் வெகுவாகக் குறைந்தது.

மாறியது நிர்வாகம் நடந்துகொண்ட விதம். முதல் அணிகளைச் சேர்ந்தவர்களை ஜப்பானுக்கே அனுப்பி, டொயோட்டாவின் தொழிலாளர்களோடு லைனில் நின்று பழக வைத்தார்கள். அதிகாரிகளுக்கென்று தனிச் சாப்பாட்டு அறையோ தனி வாகன நிறுத்தமோ இல்லை. லைன் நெடுகத் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடியது. பொருத்துவதில் சிக்கல் என்றால் எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். இழுத்ததும் ஒரு மெட்டு ஒலிக்கும், பலகையில் அந்த இடத்துக்கான விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், கார் அந்த இடத்தைத் தாண்டுவதற்குள் சரிசெய்ய முடியாவிட்டால் லைனே நிற்கும். முன்பு எது நடந்தாலும் லைனை நிறுத்தக்கூடாது என்று மிரட்டப்பட்ட அதே மனிதர்களின் கையில் அந்த அதிகாரம் கொடுக்கப்பட்டது. உங்கள் ஆட்களைக் குறை சொல்வதற்கு முன், தவறைக் கண்டதும் வேலையை நிறுத்தும் உரிமை அவர்களில் யாருக்கு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

கேள்வி (லைன் சூப்பர்வைசர், ஸ்ரீபெரும்புதூர்): மேலிருந்து டார்கெட் அழுத்துகிறது. என் அளவில் நான் என்ன செய்ய முடியும்?

பதில்: நிறையச் செய்யலாம். தொழிலாளிக்குக் கம்பெனி என்பது நீங்கள்தான். நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு நாள் இரவு ஷிப்டில், பிரஸ் இயக்கிக்கொண்டிருந்த ஓர் இளைஞர், பீஸின் ஓரத்தில் பிசிறு வருவதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, டையில் (பீஸுக்கு வடிவம் தரும் அச்சில்) விரிசல் இருக்கலாம் என்று மெஷினை நிறுத்தினார். வந்த சூப்பர்வைசர் பீஸைக் கையில் வாங்கிப் பார்க்கவே இல்லை, "யாரைக் கேட்டு நிறுத்தினே?" என்றார். மறுநாள் உற்பத்தி இழப்புக்கு விளக்கம் கேட்டு அந்த இளைஞருக்கு மெமோ போனது. அதைத் தயாரித்துக் கையெழுத்திட்டவன் நான். அதன் பிறகு அந்த ஷெட்டில் எவரும் மெஷினை நிறுத்தவில்லை. மூன்று வாரம் கழித்து வாடிக்கையாளர் ஒரு லாட்டையே திருப்பி அனுப்பினார், அதே பிசிறுக்காக. அந்த மெமோவை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கனக்கிறது.

எனவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். ஒருவர் கெட்ட செய்தியோடு வரும்போது, முதல் ஒரு நிமிடம், "ஏன்", "யார்" என்ற சொற்களை வாயில் எடுக்காதீர்கள். "காட்டுங்கள், பார்ப்போம்" என்று சொல்லி, பீஸைக் கையில் வாங்குங்கள். டார்கெட் குறைந்ததற்கான காரணத்தை ஷிப்ட் ரிப்போர்ட்டில் உங்கள் பெயரில் எழுதுங்கள், அவர் பெயரில் எழுதாதீர்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி (மனிதவள மேலாளர், சென்னை): மாதந்தோறும் திறந்த கூட்டம் நடத்துகிறோம், கருத்துப் பெட்டியும் வைத்திருக்கிறோம். ஒருவரும் வாய் திறப்பதில்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் கூட்டமும் பெட்டியும் ஃப்ரீமான்டின் கயிறு போலத்தான். கயிற்றைத் தொங்கவிடுவது எளிது; இழுத்தவருக்கு என்ன பதில் கிடைக்கிறது என்பதுதான் கேள்வி. ஃப்ரீமான்டில் கண்டதை ஜெனரல் மோட்டார்ஸ் அதே மாநிலத்தின் வான் நைஸ் ஆலையிலும் கொண்டுவர முயன்றது. குழுக்கள் அமைத்தார்கள், லைனை நிறுத்தும் கயிறும் வந்தது. ஆனால் லைன் நின்றால் தங்கள் தலை உருளும் என்று மேற்பார்வையாளர்கள் அஞ்சினார்கள், இது ஆட்குறைப்புக்கான தந்திரம் என்று தொழிலாளர்களில் பலர் சந்தேகித்தார்கள், முயற்சி வேர் பிடிக்கவில்லை. அந்த ஆலை 1992-இல் மூடப்பட்டது. உங்கள் கூட்டத்தில் கடைசியாக எழுந்து பேசியவருக்கு அடுத்த அப்ரைசலில் (பணி மதிப்பீட்டில்) என்ன நடந்தது என்று விசாரியுங்கள். மற்றவர்களின் மௌனத்துக்குக் காரணம் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கேள்வி (சிறு நிறுவன உரிமையாளர், ஈரோடு): பிறந்தநாள் கேக், ஆண்டுச் சுற்றுலா இவையெல்லாம் பயன் தருமா?

பதில்: தாராளமாகச் செய்யுங்கள். சம்பளத்தைச் சொன்ன தேதியில் போட்ட பிறகு.

கேள்வி (மருத்துவமனை நிர்வாகி, திருச்சி): எங்கள் நிறுவனரை வைத்துத்தான் எல்லாமே நடக்கிறது. அவருக்குப் பிறகும் இந்தப் பண்பாடு நிலைக்குமா?

பதில்: அது அவருடைய குணமாக மட்டும் இருந்தால் நிலைக்காது; அன்றாட வேலைமுறையாக மாறியிருந்தால் நிலைக்கும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைப் பாருங்கள். அரசுப் பணியில் ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்களைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் பயிற்சி கொடுத்து, பார்வைப் பரிசோதனை முதல் அறுவை அரங்கு வரை பெரும்பகுதி வேலையை அவர்களிடம் ஒப்படைக்கும் முறை அங்கே உருவானது. மருத்துவர் ஒரு மேசையில் அறுவையை முடிக்கும்போது, பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாக இருப்பார். அந்தப் பெண்களை நம்பாமல் இந்த ஓட்டம் ஒரு நாள்கூட நடக்காது. நிறுவனர் 2006-இல் காலமான பிறகும் மருத்துவமனை வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. அவருடைய குடும்பத்தினர் பலர் பொறுப்பில் இருந்தது ஒரு பெரிய பலம்தான். என்றாலும், காலை ஷிப்டில் எவருக்கும் ஆணை தேவைப்படாத அந்த வேலைமுறையே அதைவிடப் பெரிய பலம் என்பது என் கருத்து.

கேள்வி (பின்னலாடை நிறுவன மேலாளர், திருப்பூர்): ஆர்டர் குறைந்துவிட்டது. இந்த நிலையில் ஆட்களை வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: 1988 வாக்கில் நும்மியிலும் விற்பனை சரிந்து, உற்பத்தி வெகுவாகக் குறைந்தது. ஆலை பிழைப்பதே கேள்விக்குறியானால் ஒழிய வேலைநீக்கம் இல்லை என்று ஒப்பந்தத்தில் வாக்குக் கொடுத்திருந்ததால், மிஞ்சிய தொழிலாளர்களைப் பயிற்சிக்கும் பராமரிப்புக்கும் வேலைமுறைச் சீரமைப்புக்கும் மாற்றினார்கள். ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. தொழிலாளர்கள் நிர்வாகத்தை உண்மையாகவே நம்பத் தொடங்கியது அப்போதுதான். பின்னர் ஜெனரல் மோட்டார்ஸ் நொடித்துப்போய் விலக, டொயோட்டாவும் கைவிட, 2010-இல் அந்த ஆலை மூடப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேலே எடுக்கப்படும் முடிவுகளை லைனின் பண்பாட்டால் தடுக்க முடியவில்லை.

உங்களிடம் அந்த அளவுக்குக் கையிருப்பு இல்லாமலிருக்கலாம். அப்படியானால் கணக்கைத் தொழிலாளர்கள் முன் வையுங்கள்: எத்தனை வாரத்துக்கு ஆர்டர் இருக்கிறது, கையில் எவ்வளவு இருக்கிறது, எந்தத் தேதிக்குள் முடிவெடுப்பீர்கள். ஓவர்டைமை முதலில் நிறுத்துங்கள், ஷிப்டுகளைப் பகிர்ந்துகொடுங்கள், உங்கள் சம்பளத்தை அவர்களுடையதற்கு முன்பே குறையுங்கள். அதையும் தாண்டி யாரையாவது அனுப்பத்தான் வேண்டும் என்றால், நீங்களே எதிரில் உட்கார்ந்து சொல்லுங்கள். பாக்கியை அன்றே கொடுங்கள். ஆர்டர் திரும்பியதும் முதல் அழைப்பு அவருக்குத்தான் என்று எழுதிக் கொடுங்கள்.