அச்சாரம் திரும்பி வந்தால் கணக்கு தீர்ந்ததா?

அன்புள்ள ஐயா,
என் தம்பி பண்ருட்டி பக்கம் ஒரு பலாத்தோப்பை இந்தக் காய்ப்புக்குப் பேசி அச்சாரம் கொடுத்திருந்தான். விலை ஏறியதும் தோப்புக்காரர் வேறு வியாபாரிக்கு விட்டுவிட்டு, “அச்சாரத்தைத்தான் திருப்பிக் கொடுத்துட்டேனே” என்கிறார். பொருளாதாரம் படிக்கும் என் மகளோ, நஷ்டஈடு கொடுத்துவிட்டால் ஒப்பந்தத்தை மீறுவதில் தப்பில்லை, பொருள் அதிக மதிப்புத் தருபவரிடம் போய்ச் சேர்கிறது என்கிறாள். அப்படியா?
வாசகர், கடலூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மகள் சொல்வது பழைய வாதம்தான். அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1897இலேயே, ஒப்பந்தம் செய்தவருக்குச் சட்டத்தின் கண்ணில் உள்ள கடமை, ஒன்று நிறைவேற்றுவது, இல்லையேல் நஷ்டஈடு தருவது, அவ்வளவே என்றார். சரி, அந்தக் கணக்கையே போட்டுப் பார்ப்போம்.

பேசிய விலை 2 லட்சம், இன்றைய சந்தை விலை 2,60,000 என்று வைத்துக்கொள்வோம். 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவுப்படி, அச்சாரம் போக, விலை வித்தியாசமான 60,000 ரூபாயும் தம்பிக்குச் சேர வேண்டும். அதைக் கொடுத்தால் தோப்புக்காரர் கையில் நிற்பது பழைய 2 லட்சமே. புது வியாபாரி சந்தை விலைக்கும் மேலே கொடுத்தால்தான் உங்கள் மகள் சொல்லும் லாபம் பிறக்கும். இங்கே தோப்புக்காரர் எடுத்துக்கொண்டது தம்பியின் பணம்.

விலை சரிந்திருந்தால் தம்பியை அவர் விட்டிருப்பாரா? காய்ப்பதற்கு முன்பே விலை பேசுவதே, ஏற்ற இறக்கத்தை யார் தாங்குவது என்று முடிவு செய்யத்தானே. அந்தச் சொல்லை நம்பித் தம்பி ஆளும் வண்டியும் பேசியிருப்பார், வேறு தோப்பு பார்க்காமல் இருந்திருப்பார். நான் வாழும் புதுச்சேரியில் முன்பு நடைமுறையில் இருந்த 1804ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டம், முறையாகச் செய்த ஒப்பந்தம் செய்தவர்களுக்குச் சட்டமாகும் என்றது. எனக்கு அந்தப் பார்வைதான் நெருக்கமானது.

2011 டிசம்பர் 30இல் தானே புயல் நம் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்தது நினைவிருக்கும். அப்படி மரமே போய்விட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் செல்லாது, வாங்கிய முன்பணத்தை 65ஆம் பிரிவுப்படி திருப்பித் தர வேண்டும். புயலில் தோப்பை இழந்தவர் தர வேண்டியதை மட்டும்தான், மரங்கள் நிறையக் காய் தொங்கும் இந்த மனிதர் தந்திருக்கிறார்.

வாய்ப்பேச்சு ஒப்பந்தமும் செல்லும். வழக்குப் போட மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. அச்சாரம் கைமாறியபோது உடன் இருந்தவர்கள் யார், திருப்பி வாங்கும்போது ‘இனி பாக்கி இல்லை’ என்று எதிலாவது கையெழுத்துப் போட்டாரா என்று தம்பியிடம் முதலில் கேளுங்கள்.